அப்பப்பாவின்ர கை

அந்த மனிசன் வாயால கதைச்சதைவிடக் கையால கதைச்சதுதான் கூட. இதைச் சொன்னால் இப்ப எல்லாரும் சிரிக்கினம். சிரிக்கட்டும். லண்டன் மனோர் பார்க்கில அவரின்ர வீட்டு மேலறையில கன வருசம் வாடகைக்கு இருந்தவள் நான். கீழ கதவு சாத்துப்படுற சத்தத்திலயே இண்டைக்கு ஆருக்கு விழப்போகுது எண்டு எனக்குத் தெரிஞ்சிடும்.

ஆள் ஒண்டும் பீமசேனன் இல்லை. நல்ல ஒல்லி. பஸ் டிரைவர் உடுப்பு அவரில கொழுவிவிட்ட மாதிரித் தொங்கும். கண்ணாடி வேற. முருகன் கோயிலில கண்டியளெண்டால் தேவாரம் படிக்கிற ஆள் எண்டுதான் நினைப்பியள். மெய்யாவே வடிவாப் பாடுவார். ஆனால் கோவம் வந்தால் ஒரு பழக்கம். வலக்கையில கட்டியிருக்கிற மணிக்கூட்டை ஆறுதலாக் கழட்டி மேசையில வைப்பார். கழட்டினார் எண்டால் ஓடித் தப்போணும். அடிச்சு முடிச்சுத் திருப்பிக் கட்டேக்க ஒரு வசனம் சொல்லுவார்: "நான் அடிக்கேல்லை. அடிச்சது அப்பப்பா. இது அப்பப்பாவின்ர கை."

அவரின்ர தகப்பனைப் பெத்த அந்த அப்பப்பா எண்டது முன்னறையில தொங்கின படம். வெள்ளைக் கோட்டு, கழுத்துப்பட்டி, கமக்கட்டுக்குள்ள ஒரு நீளப் பிரம்பு, சிரிக்கவே தெரியாத முகம். வெள்ளைக்காரன் காலத்தில யாழ்ப்பாணத்தில இங்கிலீசு படிச்சுப்போட்டுக் கப்பலேறி மலாயாவுக்குப் போன ஆயிரம் பேரில அவரும் ஒராள். றப்பர்த் தோட்டத்தில கிளாக்கர். பெண்சாதியையும் ஒரு ஆம்பிளைப் பிள்ளையையும் ஊரில விட்டிட்டுப் போனவர், பேந்து வரேல்லை. தோட்டத்துத் துரை ஏதோ பேசினானாம், இவர் துரைக்குக் கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுத்தாராம், துரை துவக்கை எடுத்துச் சுட்டுப்போட்டானாம். லீவில ஊருக்கு வந்த ஒரு சிநேகிதன், மாசக் கணக்காகின பிறகு வந்து சொன்ன கதை. எந்த நாள் எண்டு சொன்னவருக்கும் தெரியாது.

அங்கதான் பிரச்சினை. செத்த திதி தெரியாமல் திவசம் எப்பிடிச் செய்யிறது? ஊரில விட்டிட்டுப் போன அந்தப் பிள்ளை, இவரின்ர தகப்பன், சீவியம் முழுக்க ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில பொதுவா எள்ளுத் தண்ணி இறைச்சதோட சரி. சாகேக்க மகன்ர கையைப் பிடிச்சு, "என்ர ஐயாவுக்கு ஒரு நாள் இல்லாமல் போச்சு, நீ தேடிக் குடு" எண்டு சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவராம். அந்த ஒண்டுக்காகத்தான் மனிசன் சீவிச்சது. வீடு வாங்கினது, பஸ் ஓடினது எல்லாம் அதுக்குப் பிறகு.

அவரில எனக்கு மரியாதை வந்த நாளையும் சொல்லோணும், இல்லாட்டி நான் ஒருபக்கமாக் கதைக்கிறன் எண்டு சொல்லுவியள். நாங்கள் வந்த புதிசு. அப்ப மொட்டைத் தலை, பெரிய பூட்ஸ், எங்களைக் கண்டால் பாகிஸ்தான்காரர் எண்டு நினைச்சு 'பாக்கி' எண்டு கத்துற வெள்ளைப் பெடியளின்ர கூட்டம் ஸ்ரேசன் பக்கமா நிக்கும். எங்கட ஆள், என்ர புருசன், அவங்களைக் கண்டால் றோட்டுக்கு மற்றப் பக்கம் போற ஆள். ஒரு சனிக்கிழமை நானும், நான் அக்கா எண்டு கூப்பிடுற வீட்டுச் சொந்தக்காரரின்ர மனிசியும் மீன் வாங்கிக்கொண்டு வாறம். ஒருத்தன் அக்காவின்ர சீலைத் தலைப்பில துப்பினான். பின்னால வந்துகொண்டிருந்த இவர் நிண்டார். மணிக்கூட்டைக் கழட்டி, "பிடி தங்கச்சி" எண்டு என்ர கையில தந்தார். அவ்வளவுதான் எனக்கு வடிவாத் தெரியும். பிறகு ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருக்கிறான், விரல் இடுக்கால ரத்தம் வடியுது, மற்றவன் இவரின்ர முதுகில பூட்ஸ் காலால உதைக்கிறான், இவர் திரும்பி அவன்ர தலையைப் பிடிச்சுக் கடைச் சுவரோட மோதுறார். மூண்டாமவன் ஓடினவன்தான்.

வீட்டை வந்து குசினித் தொட்டியில கை கழுவினார். முழி எலும்பில ஆற்றையோ பல்லுப் பட்டுக் கிழிஞ்சிருந்தது. அண்டைக்கு அந்த வீட்டில கலியாண வீடு மாதிரிச் சனம். எங்கட ஆள் கூட, "அண்ணை, நீங்கள் ஒராள் காணும் எங்களுக்கு" எண்டார். எனக்கும் சந்தோசம்தான், பொய் ஏன் சொல்லுவான்.

அடுத்த கிழமை தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போச்செண்டு அதே கையால அக்காவுக்கு விழுந்தது.

நான் படியில நிண்டு கண்டனான். ஒரு அறை. அக்கா அலுமாரியில மோதி நிலத்தில இருந்திட்டா. காதால ஒரு கோடு ரத்தம். அவர் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் பத்தி எரிஞ்சுது. ஓடிப்போய்த் தூக்கி, "அக்கா, பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பம், இது யாழ்ப்பாணம் இல்லை" எண்டன். அவ என்ர கையை உதறிவிட்டு என்ன சொன்னா தெரியுமே?

"விசர்க் கதை கதையாதை. வெள்ளைக்காரத் துரைக்கே அடிச்ச பரம்பரை. எனக்கு அடிக்காமல் விடுவினமே?"

சொல்லேக்க அவவின்ர முகத்தில ஒரு பெருமை இருந்தது. அதைத்தான் என்னால தாங்க ஏலாமல் இருந்தது. வேற எங்கையெண்டாலும் அடிச்சவனைக் குடிகாரன், மிருகம் எண்டு திட்டுவினம். இந்த வீட்டில அடிக்கு ஒரு வரலாறு வைச்சிருந்தினம், படத்துக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டிச்சினம். இந்த மனிசி ஒருநாள் அடியில செத்துப்போகும், சாகேக்கையும் அந்தப் படத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு சாகும் எண்டு நான் இரவில எங்கட ஆளுக்குச் சொல்லி அழுவன். "அடுத்தவன்ர குடும்பம், பேசாமல் படு" எண்டுவார் அவர். நாசமாப் போன நியாயம்.

சரி, அவரை வெறுத்திட்டுப் போயிருக்கலாமே எண்டு கேப்பியள். அதுக்கும் விடமாட்டார். எனக்குப் பிள்ளைவலி கண்ட அண்டு சரியான சினோ, றோட்டெல்லாம் பனி கொட்டிக் கிடக்குது, அம்புலன்சும் இல்லை, டக்சியும் இல்லை. எங்கட ஆள் பெற்றோல் ஸ்ரேசனில வேலை. நான் அக்காவைப் பிடிச்சுக்கொண்டு பஸ் தரிப்பில விறைச்சுப்போய் நிக்கிறன், வந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வாறது இவர். என்னைக் கண்டார், ஏத்தினார், றூட்டை விட்டுத் திருப்பி நேரா ஹொஸ்பிற்றல் வாசலில கொண்டுபோய் நிப்பாட்டினார், பின்னால சனம் கத்தக் கத்த. ஒரு கோட்டுப் போட்ட வெள்ளையன் முன்னுக்கு வந்து நெஞ்சில குத்தி ஏதோ சொன்னான். மணிக்கூடு கழண்டது. அந்த அறைக்கு இவருக்குக் கன நாள் வேலை இல்லை. என்ர மகளைப் பாக்க வந்தவர், "அப்பப்பாவைக் கேட்டுத்தான் அடிச்சனான்" எண்டு சொல்லிச் சிரிச்சார். என்ன செய்யிறது, நானும் சிரிச்சனான்.

அவருக்கு ஒரே மகன். நல்ல கெட்டிக்காரன், வாய்க்காரன். ஒன்பது பத்து வயசிருக்கும், சாப்பிடேக்கத் தகப்பன் மலாயாக் கதையைத் திரும்பவும் எடுத்தார். பெடியன் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு, "அப்பா, துரை அவரைச் சுட்டுப்போட்டான் எண்டால் தோத்தது ஆர்?" எண்டு கேட்டான். மணிக்கூட்டைக் கழட்ட முதல் ஓடியிருக்கலாம். ஓடேல்லை. முன்பல்லுப் பாதி சோத்துக்குள்ள விழுந்தது. அண்டையில இருந்து பெடியன் தகப்பனோட தமிழில கதைக்கிறதை விட்டிட்டான். கேட்டால் இங்கிலீசில ஒரு சொல்லு, அதோட சரி.

மலாயாக்காரரைத் தேடுறதுதான் அவருக்கு லீவு நாள் வேலை. லண்டனில அவையள் கொஞ்சப் பேரே? படிக்க வந்து தங்கின எஞ்சினியர்மார், நேர்ஸ்மார், கோயிலுக்கு வாற ஆக்கள். பிரசாதம் வாங்கிக்கொண்டு நிக்கிறவனைப் பிடிச்சு, கோட்டுப் பையுக்க வைச்சிருக்கிற சின்னப் படத்தைக் காட்டி, "மலாயாவில பேராக் பக்கம், ஏழாங்கட்டைத் தோட்டம், தெரியுமோ?" எண்டு கேப்பார். இவ்வளவு பணிவா அவர் வேற ஒருத்தரிட்டையும் கதைச்சு நான் காணேல்லை. ஈஸ்ட் ஹாமில ஒரு கலியாணத்தில அப்பிடிக் கேட்கப் போய், தோட்டத்துக் கூலிச் சனத்தின்ர வழிவந்த ஒரு மலேசியாக்காரப் பெடியன், "உங்க ஆளுங்கதானே அங்கிள், வெள்ளைக்காரனுக்கு முன்னால குனிஞ்சு, எங்க ஆளுங்களை மிதிச்சவங்க" எண்டு விளையாட்டுக்குச் சொல்லிப்போட்டான். மாப்பிளை பொம்பிளை இருந்த மேடை வரைக்கும் அடி போனது. சாம்பார் வாளி கவிண்டு சீலையளெல்லாம் நாசம். அதோட எங்களை ஒருத்தரும் கலியாணத்துக்குக் கூப்பிடுறதில்லை.

தொண்ணூறுகள் துவங்கி இரண்டு மூண்டு வருசம் இருக்கும். ஒரு தை மாசம், கோயிலில ஒரு வயசுபோன மனிசன். நேர்ஸ் வேலை செய்யிற மகளிட்டை மலேசியாவில இருந்து வந்து நிக்கிறாராம். கம்பளித் தொப்பி. இவர் படத்தைக் குடுத்தார். மனிசன் வாங்கிப் பாத்தார். பாத்துக்கொண்டே நிண்டார். நான் பக்கத்திலதான் நிக்கிறன், அந்த முகத்தில இருந்த ரத்தம் முழுக்க இறங்கினதைக் கண்டன்.

"இவரு உங்களுக்கு யாரு?"

"என்ர அப்பப்பா. அப்பாவின்ர அப்பா."

"தெரியும்," எண்டார் கிழவர். "கிராணி ஐயா. நல்லாத் தெரியும்."

கிராணி எண்டால் அங்க தோட்டத்துக் கிளாக்கர். இவர் அதில வைச்சே அந்தக் கிழவரின்ர காலில விழுந்தார். நான் சத்தியமாச் சொல்லுறன், அவர் குலுங்கிக் குலுங்கி அழுததை அண்டைக்குத்தான் கண்டனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச்சொல்லி, விலாசம் சொல்லி, பஸ் நம்பர் சொல்லி அனுப்பினார்.

அக்கா விடிய எழும்பிச் சமைச்சா. நானும் போய் உதவி செய்தனான். மரக்கறி, வடை, பாயாசம், வாழையிலை கூட ஈஸ்ட் ஹாம் கடையில வாங்கியாச்சு. பெடியன், அப்ப யூனிவேர்சிற்றி போகத் துவங்கின வயசு, படியில புத்தகத்தோட இருந்தான். கிழவர் இலைக்கு முன்னால இருந்தார். அக்கா சோத்தைப் போட்டா. கிழவர் இலையைத் தொடேல்லை.

"தம்பி, சொல்லிட்டுச் சாப்பிடுறேன். சாப்பிட்டுட்டுச் சொன்னா அது துரோகம்."

"சொல்லுங்கோ ஐயா. துரை அவரை ஏன் சுட்டவன்?"

"யாரும் சுடல. தொரையை அவரு அடிச்சாருன்னு யாரு சொன்னது? தொரை கார் சத்தம் கேட்டாலே தொப்பியக் கழட்டிட்டுக் குனிஞ்சு நிப்பாரு. அடியெல்லாம் எங்களுக்குத்தான். அந்தப் படத்துல இருக்கே, அந்த ரோத்தான் பிரம்பு. காலையில பெரட்டுக்கு, பேர் கூப்பிடுறதுக்கு, எல்லாரும் வரிசையா நிக்கணும். லேட்டா வந்தா அடி. எங்க அக்காவுக்கு ஏழு மாசம். மெதுவாத்தான் நடந்து வந்தா. அவளை வயித்துல அடிச்சாரு. மூணு அடி. அவ அன்னிக்கு ராத்திரியே செத்துட்டா, புள்ளையோட."

குசினிக் குழாயில தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா போய் நிப்பாட்டினா.

"மூணாம் நாளு பெரட்டுல ஆம்பளைங்க யாரும் பேர் சொல்லல. மம்பட்டிய வச்சுக்கிட்டு அவரைச் சுத்தி நின்னாங்க. அவரு பிரம்பை ஓங்கினாரு. அப்புறம் கீழ விழுற வரைக்கும் அடிச்சாங்க, விழுந்த பெறகும் அடிச்சாங்க. நான் சின்னப் பையன், மரத்துக்குப் பின்னால நின்னு பாத்தேன். வெளிய தெரிஞ்சா தோட்டம் நின்னு போகும்னு தொரை ஜுரத்துல செத்ததாச் சொல்லச் சொல்லிட்டாரு."

இவர் ஒண்டே ஒண்டுதான் கேட்டார்.

"எந்த நாள்?"

"சிவராத்திரி அன்னிக்குக் காலையில. மறக்குமா தம்பி? வருஷா வருஷம் அக்காவுக்குப் படைச்சு மூணாம் நாள் அது." கிழவர் தண்ணி குடிச்சார். "அடிச்சவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர். அதையும் சொல்லிடணும்."

தகப்பன் கையைப் பிடிச்சுக் கேட்ட நாள், சீவியம் முழுக்கத் தேடின நாள், சோத்து இலைக்கு முன்னால கிடைச்சுது. நான் நினைச்சன், இனி அழுவார் எண்டு. மணிக்கூட்டைக்கூடக் கழட்டேல்லை. எழும்பினார், அந்த வயசுபோன மனிசனுக்குக் கன்னத்தைப் பொத்தி அறைஞ்சார். கதிரையோட கிழவர் சரிஞ்சு விழுந்தார். கட்டுப்பல்லுத் தெறிச்சுப் பாயாசத்துக்குள்ள போச்சு. இவர் விடேல்லை, குனிஞ்சு சேட்டுக் கொலரில பிடிச்சுத் தூக்கித் திருப்பியும் கையை ஓங்கினார். கிழவர் முகத்தைப் பொத்தேல்லை. "அதே அடிதான்," எண்டார் வாயால ரத்தம் வடிய. "மாறவே இல்ல."

அப்பதான் அக்கா வந்தா. குசினி வாசலில சாத்தியிருந்த திருவலை, ஊரில இருந்து கொண்டுவந்த தேங்காய் திருவுற பலகை, அதை இரண்டு கையாலயும் தூக்கி, ஓங்கின கையில போட்டா. மணிக்கட்டில. காய்ஞ்ச தடி முறியிற சத்தம். அவர் 'அம்மா' எண்டு கத்திக்கொண்டு மேசையில கையை ஊண்டினார். ஊண்டின கையில இரண்டாம் தரமும் போட்டா. மணிக்கூட்டுக் கண்ணாடி நொருங்கித் தசைக்குள்ள ஏறிச்சுது. விரல் ஒவ்வொண்டும் ஒவ்வொரு பக்கம் பாத்துது.

"துரைக்கு அடிச்சவர் எண்டு நினைச்செல்லோ அடி வாங்கினனான்!" அக்கா கத்தினா. "இவ்வளவு காலமும் அப்பிடி நினைச்செல்லோ வாங்கினனான்! பிள்ளைத்தாச்சிக்கு அடிச்ச நாயெல்லோ அது!"

அவவின்ர வாயில நான் அப்பிடி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை. திருவலையைக் கீழ போட்டிட்டுக் கிழவரைத் தூக்கி இருத்தி, முகத்தைத் துடைச்சு, புது இலை போட்டா. "சாப்பிடுங்கோ ஐயா" எண்டா. கிழவர், "போடும்மா, பசிக்குது" எண்டார். இவர் நிலத்தில கிடந்து துடிக்க, அம்புலன்ஸ் வரும்வரைக்கும் அவர் ரசமும் சோறும் மெல்ல மெல்லச் சாப்பிட்டார். பொலிஸ் ஒண்டும் வேண்டாம் எண்டிட்டார். எனக்கு உள்ளுக்க ஒரு குளிர்ச்சி. அதை இண்டைக்கும் மறைக்கமாட்டன்.

கைக்குள்ள ஆணி வைச்சுத் தைச்சு, முழங்கை வரைக்கும் மாக்கட்டுப் போட்டு விட்டினம். அக்கா அவரை விட்டிட்டுப் போகேல்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில போகவும் இல்லை. சாப்பாட்டை மேசையில வைச்சு ஒரு கரண்டியும் வைப்பா. இடக்கையால அள்ளிச் சாப்பிடுவார். படம் அதே இடத்தில தொங்கினது, கற்பூரம் மட்டும் இல்லை.

மாசி பிறந்து சிவராத்திரி வந்தது. எனக்கு நம்ப ஏலேல்லை, மனிசன் ஐயரைக் கூப்பிட்டிருக்கிறார். "என்ன செய்தவர் எண்டாலும் அப்பாவின்ர அப்பா. அப்பாவுக்கு வாக்குக் குடுத்தனான்" எண்டு என்னட்டைச் சொன்னார். அக்கா மறுக்கேல்லை, பிண்டத்துக்குப் பச்சையரிசி அடுப்பில வைச்சா. முன்னறையில பாய் விரிச்சு, வேட்டி கட்டி, குளிச்ச ஈரத் தலையோட இவர் இருக்கிறார். தலை ஒரு மாசத்துக்குள்ள நரைச்ச மாதிரி. எனக்குப் பாவமாயும் இருந்தது, பாவமா இருக்கெண்டு என்னிலயே கோவமாயும் இருந்தது.

ஐயர் தர்ப்பை மோதிரத்தைக் குடுத்தார். வலக்கை மோதிர விரலில போடோணும். மாக்கட்டுக்கு வெளியில நிண்ட விரல் வீங்கி, ஊதா நிறத்தில, மடங்காது. மோதிரம் நகத்தோட நிண்டிட்டுது. எள்ளும் தண்ணியும் கையில விட்டார், கை குவியாமல் எல்லாம் மாக்கட்டில ஊறினது. இவர் இடக்கையை நீட்டினார்.

"ஏலாது," எண்டார் ஐயர். "பிதிர்களுக்கு இடக்கையால விடக்கூடாது. மகன் இருக்கிறார்தானே, அவர் இருந்து செய்யட்டும்."

பெடியன் கதவு நிலையில சாஞ்சுகொண்டு நிண்டான்.

"தம்பி, வாடா," எண்டார் தகப்பன். அவ்வளவு மெதுவா அவர் அவனைக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. "வேட்டி எடுத்து வைச்சிருக்கு."

"மாட்டன்."

"உன்ர பூட்டனடா."

"தெரியும். அவருக்குச் செய்யமாட்டன்." எத்தினையோ வருசத்துக்குப் பிறகு அவன் தகப்பனோட தமிழில கதைக்கிறான், ஒவ்வொரு சொல்லா எடுத்து வைச்சு. "அப்பா, நாளைக்கு உங்களுக்கும் செய்யமாட்டன்."

ஐயர் "சிவ சிவா" எண்டு காதைப் பொத்தினார். பிள்ளை பெத்த ஒருத்தனும் கேக்கக்கூடாத சொல்லு அது. தகப்பன்ர இடக்கை மேல எழும்பிச்சுது. பெடியன் அசையேல்லை. அக்கா குசினி வாசலில வந்து நிண்டா. அந்தக் கை நெஞ்சு மட்டத்தில நிண்டு, பிறகு மடியில விழுந்தது.

"அப்ப எனக்கு ஆர் செய்யிறது?"

மகனைப் பாத்துக் கேட்டார். பிறகு அக்காவைப் பாத்தார், ஐயரைப் பாத்தார், கடைசியா என்னைப் பாத்தார். அக்கா உள்ளுக்க போய் அரிசி வெந்த அடுப்பை நிப்பாட்டினா. ஐயர் தர்ப்பையைச் சுருட்டித் தன்ர பையுக்க வைச்சார்.